வளையலில் ஒட்டிய பொட்டு

"கடவுள் இல்லேன்னு நீங்க தாராளமாச் சொல்லலாம், லிபி. அதுல கோர்ட்டுக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனா இந்துவா இருந்துண்டு சொல்லணும். அவ்வளவுதான், கேட்டேளா."

வக்கீல் ஸ்ரீலட்சுமி இதைச் சொல்லிவிட்டு நிதானமாக மோர் குடித்தார். கோட்டைக்குள் அக்கிரகாரத்துத் தெருவில் வீட்டின் முன்னறைதான் அவருக்கு ஆபீஸ். எதிரே உட்கார்ந்திருந்த லிபிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருவனந்தபுரம் மாநகராட்சியில் பனங்குளம் வார்டின் கவுன்சிலர் அவள். பதினாறு வயதில் செங்கொடியைப் பிடித்தவள், இன்றுவரை கீழே வைக்கவில்லை. பதவியேற்ற நாளில்கூடத் தெய்வத்தை இழுக்காமல் வெறும் உறுதிமொழி சொல்லித்தான் மேடையிலிருந்து இறங்கினாள். அதே நேரத்தில், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா லீலாபாய் கண்ணை மூடி மகளுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அதனால் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

கேடு பிறகு வந்தது. பனங்குளம், பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. லிபியிடம் தோற்றுப்போன ஓமனா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனாள். லிபி இந்து சாம்பவர் என்று சான்றிதழ் வைத்திருக்கிறாள், ஆனால் அவள் இரட்சணிய சேனைச் சபையில் வளர்ந்த கிறிஸ்தவள், அந்த இடம் அவளுக்குச் சேராது என்று வழக்கு.

சட்டத்தின் கணக்கே தனி. இந்துவாக இருக்கும்வரை சாம்பவர் தாழ்த்தப்பட்டவர். கிறிஸ்துவிடம் போய்விட்டால் அந்தத் தாழ்வு அதோடு நீங்கிவிடும். எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீங்கியதைக் கிள்ளியாற்றங்கரையில் இருக்கும் பனங்குளம் காலனியில் மட்டும் இதுவரை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் காலனியின் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்துகிறவர்கள், இவர் ஜெபம் பண்ணுகிறவராயிற்றே என்று யாருக்கும் மறுபடி திறந்ததில்லை.

"சேனையில ஞானஸ்நானம்கிறது கிடையாது. அது நமக்கு நல்லதாப் போச்சு" என்றார் ஸ்ரீலட்சுமி. "நீங்க கிறிஸ்டியன்னு காட்ட அவா கையில ஒரு காகிதமும் இல்லை. ஒரு பழைய ஈஸ்டர் ஊர்வல போட்டோ இருக்கு. உங்கம்மா வெள்ளை யூனிஃபார்ம்ல கஞ்சிரா தட்டிண்டு போறா. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. முகம் தெரியலை. அதனாலதான் உங்கம்மாவையே சாட்சியாக் கூப்பிட்டிருக்கா."

"அம்மா கிறிஸ்தவ, நான் அப்படியில்லைன்னு சொன்னா போதாதா மேடம்?"

"உங்கப்பா யாரு? சாலைக் கம்போளத்துல மூட்டை தூக்கற சுமட்டுத் தொழிலாளி, யூனியன்காரர். கோயில் வாசலையே மிதிச்சதில்லைன்னு ஊருக்கே தெரியும். அப்போ ஆத்துல இருந்த ஒரே மதம் அம்மாவோடது. அம்மா கிறிஸ்டியன்னா, பொண்ணு எதுல வளர்ந்தான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு நம்மகிட்ட பதில் இல்லை." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சாட்சியைப் பொய் சொல்லச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. கோர்ட்டு என்ன கேக்கும்னு மட்டும்தான் நான் சொன்னேன்."

மிச்சத்தைச் சொல்ல வேறு ஆள் இருந்தார். கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் ஜெயகுமார் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "இது டாக்டிக்ஸ் ஆக்கும் லிபி. ஐடியாலஜி வேற, கேஸ் வேற. கட்சி ஒரு ஸீட்டை இப்படி விட்டுக்கொடுக்கப் பற்றூல்ல, முடியாது." போன வாரம்தான் கட்சி அலுவலகத்தில் தாடிக்காரர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, லிபி எந்தக் கோயிலில் நின்று போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்று இவர்கள் முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் முத்தாரம்மன் கோயில் என்று முடிவானது. எந்த விரலால் நெற்றியில் குறி தொட வேண்டும் என்று லிபிக்குத் தெரியவில்லை. ஜெயகுமார்தான் சொல்லிக்கொடுத்தார். இருபது வருடமாக மூடநம்பிக்கை ஒழிப்பு வகுப்பெடுக்கிற மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்கும் அந்த இடம் வேண்டும். அதை மறைத்துப் பயனில்லை. காலனியை இடித்து அடுக்குமாடி கட்டுகிறோம் என்று ஜனங்களைத் தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டுப் போன ஒப்பந்தக்காரர் திரும்பி வரவில்லை. மழைக்காலத்தில் கிள்ளியாறு கொட்டகைக்குள் வரும். லிபிதான் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கி, மேயர் கண்ணில் விரலை விட்டு ஆட்டி, வேலையை மறுபடி தொடங்க வைத்தாள். இரண்டு மாடி எழும்பியிருந்தது. இப்போது அவள் போனால் அது அப்படியே நிற்கும், கம்பி துருப்பிடிக்கும். போகிறவள் சும்மாவும் போகமாட்டாள். கள்ள சர்ட்டிபிகேட்டுக்காரி என்ற பெயரோடுதான் போவாள்.

கொட்டகையில் லீலாபாய் மத்திக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். மகள் சொல்வதை எல்லாம் கேட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் கிறிஸ்தவ இல்லேன்னு எனக்க வாயால சொல்லணுமா மக்கா?"

"ஒரு வார்த்தைதான் அம்மா. கோர்ட்டுல சொல்லுகது எல்லாம் வெறும் வார்த்தையாக்கும். மனசுல நீ என்ன வேணும்னாலும் வச்சுக்கோ. அங்க வந்து ஆரும் பார்க்கப் போறதில்லை."

"வெறும் வார்த்தைன்னா நீ எதுக்கு இந்தக் கெஞ்சு கெஞ்சுதே?"

மேடை ஏறினால் ஒரு மணி நேரம் தங்குதடையில்லாமல் பேசுகிறவள், யாரும் எதிர்பாராத விதமாக, அவளே எதிர்பாராத விதமாக, அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். கொட்டகைக்காரர்களுக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அழுகை என்னவோ நிஜம்.

லீலாபாய் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுப்பது அவளுக்குப் புதிதல்ல. கணவன் தாணு இறந்தபோது சேனையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று சபையார் வந்து நின்றார்கள். செங்கொடி போர்த்தி எரிக்க வேண்டும் என்று யூனியன்காரர்கள் வந்து நின்றார்கள். இரண்டு கூட்டமும் முறைத்துக்கொண்டு நின்றபோது அவள்தான், "அவரு அவங்க ஆளாக்கும். அவங்களே கொண்டு போகட்டு" என்று சொல்லி யூனியன்காரர்களுக்கு வழிவிட்டாள். அன்று அவள் விட்டுக்கொடுத்தது கணவனின் உடலை. இன்று மகள் கேட்டது வேறு.

"சரி. கரையாதே. சொல்லுகேன்" என்றாள்.

வழக்கு நாள் காலையில் லிபி ஒரு பொட்டு அட்டை வாங்கி வந்தாள். லீலாபாய் பிறந்ததிலிருந்து நெற்றியில் ஒன்றும் வைத்தவள் இல்லை. லிபி ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து அம்மாவின் நெற்றியில் ஒட்டினாள். கோணலாக விழுந்தது. ஆள்காட்டி விரலால் நகர்த்திச் சரி செய்தாள். லீலாபாய் கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

வஞ்சியூர் நீதிமன்றத்தில் கூட்டம் அதிகமில்லை. ஓமனா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லீலாபாயைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டாள். இருவரும் ஒரே காலனி, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். கூண்டில் ஏறியதும் ஊழியர் தெய்வத்தின் பேரில் சத்தியம் சொல்லச் சொன்னார்.

லீலாபாய் மலையாளத்தில் கேட்டாள்: "எந்தத் தெய்வம்னு சொல்லணுமா சாரே?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேண்டியதில்லை என்றார் நீதிபதி. லீலாபாயின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவள் சத்தியம் செய்தாள்.

ஓமனாவின் வக்கீல் போட்டோவைக் காட்டினார். வெள்ளைச் சேலையில் கஞ்சிராவோடு போவது நீங்கள்தானே என்று கேட்டார்.

"நான்தான். பாட்டுக்கு ஆள் வேணும்னாங்க. எனக்குத் தாளம் நிக்கும். போனேன்."

"நீங்கள் சேனையில் உறுப்பினர் இல்லையா?"

"இல்லே."

"இயேசு கிறிஸ்துவை இரட்சகராக நம்பவில்லையா?"

"இல்லே. எங்க வீட்டுல முத்தாரம்மனாக்கும்."

வக்கீலுக்கு எரிச்சல் வந்தது. எழுபது வயதை நெருங்கும் ஒரு பெண், தானே அழைத்த சாட்சி, இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் யாருக்குத்தான் வராது. அவர் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, "அப்படியானால் இயேசு யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?" என்று கேட்டார்.

லீலாபாய் திரும்பி மகளைப் பார்த்தாள். லிபி கண்ணால் கெஞ்சினாள். கையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டு, சொல்லிவிடு அம்மா, இது ஒன்றுதான், இதோடு முடிந்தது என்று முகத்தாலேயே மன்றாடினாள்.

"தெரியாது" என்றாள் லீலாபாய்.

ஆட்டோவில் திரும்பும்போது ஜெயகுமார் முன்னால் டிரைவரோடு நெருக்கி உட்கார்ந்துகொண்டு, "அம்ம தகர்த்துட்டாங்க, வக்கீல் மூஞ்சியைக் காணணுமே" என்று மகிழ்ந்தார். லீலாபாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிழக்கேகோட்டை தாண்டியதும், யாரிடமும் இல்லாமல், "மூணு தடவை சொல்லியாச்சு" என்றாள். அவ்வளவுதான். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த சீடனின் கதையைச் சின்ன வயதில் அம்மா வாயாலேயே லிபி கேட்டிருக்கிறாள்.

அன்று மத்தியானம் லிபி சோறு போட்டு முன்னால் வைத்தாள். லீலாபாய் உட்கார்ந்தாள், கையை வைத்தாள், தின்றாள். சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்யாமல் அம்மா சாப்பிட்டு லிபி பார்த்ததே இல்லை. சின்ன வயதில், "சோறு ஆறிப்போகுது, உனக்க கர்த்தருக்கு வெந்நீர் வைக்கட்டுமா" என்று கேலி செய்து அடி வாங்கியிருக்கிறாள். இப்போது அந்த அரை நிமிஷம் இல்லை. சோறு சூடாகவே இருந்தது.

"ஜெபம் பண்ணல்லியா அம்மா?"

"ஆருகிட்ட?" என்று கேட்டுவிட்டு லீலாபாய் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சமாதானப்படுத்தலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாள் கஞ்சிராவைத் துணியில் சுற்றிச் சேனை மண்டபத்துத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்திலிருந்து பெரிய முரசின் சத்தம் வந்தால் எழுந்து போய்த் தகரக் கதவைச் சாத்தினாள். வெள்ளிக்கிழமை வந்ததும் பொட்டு ஒட்டிக்கொண்டு முத்தாரம்மன் கோயிலுக்குப் புறப்பட்டாள்.

லிபி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். "எதுக்கு அம்மா இது? கோர்ட்டு முடிஞ்சு போச்சு. இனி நீ நடிக்க வேண்டாம்."

"நடிக்கல்ல மக்கா. தெய்வத்துக்க பேருல சத்தியம் பண்ணிச் சொல்லியாச்சு. சொன்னது பொய்யா நிக்கப்பிடாது பாத்துக்கோ. அதை மெய்யாக்கணும்."

லீலாபாயின் வழி இதுதான். நாக்கால் சொன்னதை நாம் மறுநாளே மறந்துவிடுவோம். அவளுக்கு அது முடியாது. பொய் சொன்னோம் என்று இருப்பதைவிட, சொன்னதை உண்மையாக்கிவிடலாம் என்று கிளம்பிவிட்டாள். கோயிலில் மற்றப் பெண்கள் கண்ணை மூடி நின்றார்கள். அவள் கண்ணைத் திறந்துகொண்டு அம்மன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே என்று தெரியாமல் நிற்பவளைப் போல. வாரா வாரம் போனாள். வாரா வாரம் அப்படியே திரும்பி வந்தாள். ஜெயகுமார் அதைப் போட்டோ எடுத்துக் கட்சிக்காரர்களுக்கு அனுப்பினார்.

லிபிக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. லீலாபாய் மெலிந்தாள். தூங்கவில்லை. வெளிச்சம் வருமுன்பே எழுந்து உட்கார்ந்திருப்பாள். முன்பு அது அவள் ஜெபம் பண்ணும் நேரம். இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாள். தெய்வம் என்று ஒன்று இல்லை என்பதில் லிபிக்கு இன்னும் சந்தேகமில்லை. ஆனால் இல்லாத ஒன்றைத் தன் அம்மாவிடமிருந்து பிடுங்கிவிட்டோம், அது இருந்த இடம் இப்படிக் கிடக்கிறது என்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எந்த வகுப்பிலும் அவளுக்கு இதற்குப் பாடம் நடத்தவில்லை.

தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி. கட்சிக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள், லிபிக்குச் செம்மாலை போட்டார்கள். ஜெயகுமார் இன்னொரு மாலையை லீலாபாய்க்கும் போட்டார். ஒரு வாரம் போவதற்குள் ஓமனா எர்ணாகுளத்துக்கு, ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டாள். மறுபடி முதலிலிருந்து. ஸ்ரீலட்சுமி போனில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அப்பீல் முடியறவரைக்கும் அம்மா அந்த மண்டபத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒரு வீடியோ போதும், எல்லாம் போயிடும்."

அன்று சாயங்காலமே லிபி அந்த மண்டபத்துக்குப் போனாள். கேப்டன் ஞானசிகாமணி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சேனையில் போதகருக்குக் கேப்டன் என்றுதான் பெயர். சின்ன வயதுக்காரர், நாகர்கோவில் பக்கம்.

"கேப்டன், நீங்க வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அவங்க மேல குத்தம் இல்லன்னு. நான்தான் சொல்ல வச்சேன். கடவுள் மன்னிச்சுட்டாருன்னு சொல்லிருங்க, போதும்."

"நீங்க கடவுள் இல்லன்னு சொல்லுகவங்க ஆச்சே அக்கா."

"நான் சொல்லுகது கிடக்கட்டும். அம்மா செத்துப்போவாங்க போல இருக்கு."

ஞானசிகாமணி நாற்காலியைக் கீழே வைத்தார். மண்டபத்தின் முன்னால், மேடைக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு நீளமான மரப்பலகை கிடந்தது. அதைக் காட்டினார். கிருபாசனம் என்று அதற்குப் பெயர். தவறு செய்தவர் யாராக இருந்தாலும் எல்லோரும் பார்க்க அங்கே வந்து முழங்காலிட்டு வாய்விட்டுச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்பது சேனையின் வழக்கம். லிபிக்கு அது தெரியாததல்ல. சின்ன வயதில் அதன் மேல் ஏறிக் குதித்து விளையாடியவள்தான்.

"நான் வீட்டுக்கு வந்து சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. இங்க வந்தா போதும். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாங்க, தெரியுமா? வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்க. கூப்பிட்டேன். எனக்க பிள்ளைக்குக் கேஸ் இருக்குன்னு சொல்லிட்டாங்க."

மறுநாள் லிபி மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போகாமல் அட்டக்குளங்கரைப் பூங்காவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கொட்டகைகளை நினைத்தாள், எழும்பி நிற்கும் இரண்டு மாடியை நினைத்தாள், ஆருகிட்ட என்று கேட்ட குரலை நினைத்தாள். எழுந்தபோது முடிவு செய்துவிட்டாள். போகட்டும். பதவி போகட்டும், பெயரும் போகட்டும். காலனிக்கு வேறு யாராவது வருவார்கள், ஓமனாகூட வரட்டும், அவளும் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தவள்தானே. அம்மாவுக்கு வேறு ஆள் இல்லை.

ஆனால் இதை அப்படியே சொன்னால் லீலாபாய் கொட்டகையை விட்டு ஓர் அடி நகரமாட்டாள். நீ இதையும் விடுவதற்கா நான் அதை விட்டேன் என்று கேட்பாள். அதனால் லிபி ஒரு பொய் சொன்னாள்.

"அம்மா, ஓமனா கேஸை வாபஸ் வாங்கிட்டா. எல்லாம் முடிஞ்சுது. இனி எனக்கு ஒண்ணும் வராது. ஞாயிற்றுக்கிழமை நாம சேனைக்குப் போலாம்."

லீலாபாய் மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "சத்தியமாட்டா?"

"சத்தியமா."

அந்த நிமிஷம் லீலாபாயின் முகம் தெளிந்ததே, அதற்காக லிபி இன்னும் நூறு பொய் சொல்லத் தயாராக இருந்தாள். சனிக்கிழமையே வெள்ளைச் சேலை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கொடியில் தொங்கியது. ராத்திரி லீலாபாய் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில் லீலாபாய் நின்றாள். பழகிப்போய் அன்றும் பொட்டு வைத்திருந்தாள். அதைப் பிய்த்து எடுத்தாள். கீழே போட மனமில்லை. காசு கொடுத்து வாங்கியதை அவள் எறிந்ததே இல்லை. கைவளையலில் ஒட்டிக்கொண்டாள். உள்ளே முரசு அடித்தது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, இடம் கொடுத்து நகர்ந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. ஒருத்தி லீலாபாயின் கஞ்சிராவை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

பாட்டு முடிந்தது. ஞானசிகாமணி பலகைக்கு அருகில் வந்து நின்று, வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். லீலாபாய் எழுந்தாள். நடுவழியில் நடந்து போனாள். அவள் நடையில் ஒரு தயக்கமும் இல்லை. லிபி அவளை அவ்வளவு வேகமாக நடந்து பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. பலகைக்கு முன்னால் முழங்காலிட்டாள். லிபியும் எழுந்து போனாள். யாரும் கூப்பிடவில்லை. அம்மாவைத் தனியாக அங்கே விட அவளால் முடியவில்லை. தெய்வத்துக்கு முன்னால் மண்டியிடுகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"சொல்லுங்க அம்மா" என்றார் ஞானசிகாமணி மெதுவாக.

லீலாபாய் வாயைத் திறந்தாள். "கர்த்தாவே, நான்..." என்று தொடங்கித் தலையைத் தூக்கினாள். பக்கத்து ஜன்னலில் ஓமனா நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் போன் இருந்தது, அதன் கேமரா இவர்களைப் பார்த்து நீட்டியிருந்தது. ஓமனாவின் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. செய்யக் கூடாததைச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்பவளின் முகம். லீலாபாய் அந்தப் போனைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். கேஸ் வாபஸ் ஆகவில்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லு அம்மா" என்றாள் லிபி. அவளும் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். "எடுத்தா எடுக்கட்டும். எனக்கு அந்த ஸீட்டு வேண்டாம். நீ சொல்லு."

லீலாபாய் சொல்லவில்லை. அவள் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. இடதுகை வளையலைத் தடவினாள். நகத்தால் பொட்டைப் பிய்த்தாள். முழங்காலில் நின்றபடியே, அந்தப் பலகைக்கு முன்னாலேயே, அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். பிறகு ஜன்னல் வரை கேட்கும்படி, கூண்டில் நின்று பேசிய அதே குரலில் சொன்னாள்:

"நான் இந்துவாக்கும் கேப்டன். பாட்டு கேக்க வந்தேன். முட்டு வலிக்குது, அதான் இப்படி இருந்துட்டேன். எனக்க மவ என்னைத் தூக்கி விட வந்தா."

ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

இல்லை, பொய், என் அம்மா கிறிஸ்தவள், கோர்ட்டில் சொன்னது நான் சொல்லச் சொன்னது என்று லிபி இப்போது கத்தியிருக்கலாம். அதற்குத்தான் வந்தாள். வாயைத் திறந்தும்விட்டாள். லீலாபாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் கெஞ்சினாள். வேண்டாம் மக்கா, இது ஒன்றுதான், இதோடு முடிந்தது என்று அந்த முகம் மன்றாடியது. அன்று நீதிமன்றத்தில் தன் முகம் எப்படி இருந்தது என்று லிபி அப்போதுதான் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஜன்னலில் போன் இன்னும் நீட்டியபடியே இருந்தது. ஈரமான நெற்றியில் பொட்டு கோணலாக ஒட்டியிருந்தது, ஒரு பக்கம் எழும்பி, இப்போதே விழுந்துவிடும் போல. லிபி கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் நகர்த்தி, அதைச் சரி செய்து அழுத்திவிட்டாள்.